நாய் பார்க்க வருவோர் வெறுங்கையோடு வரவும்

போன புதன்கிழமை காலை எங்கள் வாசற் படலையில் சைக்கிள் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். காக்கிக் காற்சட்டை, தலையில் தொப்பி, தோளில் ஒரு தோல் பை... ஊரின் சுகாதாரம் பார்க்கும் சனிற்றரி இன்ஸ்பெக்டர்!

இளம் வயதுக்காரர். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறார் போலிருந்தது. படலையில் கட்டியிருந்த வேப்பிலையில் கை படாமல், தள்ளி நின்றபடியே கேட்டார்:

"ஐயா, வீட்டிலை ஆருக்கு அம்மாள்?"

எங்கள் வேலணைத் தீவில் ஒரு வீட்டுப் படலையில் வேப்பிலை தொங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உள்ளே யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது. வந்தவர்கள் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். கடன்காரன் கூட அந்த இலையைத் தாண்டி உள்ளே வரமாட்டான்.

"ஒருத்தருக்கும் இல்லைத் தம்பி" என்றேன்.

"அப்ப உது?" என்று வேப்பிலையைக் காட்டினார்.

"அது... நாய்க்கு."

"நாய்க்கு அம்மாளோ!"

"இல்லை. நாய்க்கு முதுகு."

அவர் தொப்பியைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வைகாசி வெயில் ஆளைப் பலவிதமாகத் தாக்கும் என்று அவர் படித்திருப்பார். நான் படலையைத் திறந்து, "உள்ளுக்கு வந்து பாருங்கோ. பாத்தால்தான் விளங்கும்" என்றேன்.

அவருக்கு விளங்கியது இருக்கட்டும். உங்களுக்கு விளங்க வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஹெட் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் ஊருக்குத் திரும்பிய அதே மாதம் எங்கள் துரையும் ஒரேயடியாகச் சீமைக்குப் புறப்பட்டார். போகும்போது தன் நாயை என்னிடம் தந்தார். ஏன் என்னிடம்? பகல் முழுக்க அது என் மேசைக்கு அடியில், என் செருப்பில் தலை வைத்துத்தான் படுக்கும். நாயை யாருக்குக் கொடுப்பது என்று துரை யோசித்தார். நாய் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தது.

பிறிற்ஸ் என்று பெயர். ஜேர்மன் சாதி நாய். டக்ஸ்ஹுண்ட் என்பார் துரை. மண்ணிற உடம்பு, தொங்கும் காதுகள், எந்த நேரமும் நியாயம் கேட்பது போன்ற இரண்டு கண்கள். நீளத்துக்குக் குறைவில்லை. உயரத்தில்தான் கடவுள் சிக்கனம் பிடித்துவிட்டார். கால்கள் ஒரு சாண்கூட இல்லை.

துரை புறப்படும்போது என்னிடம் பலமுறை சொன்னது ஒன்றுதான்: இதன் முதுகைக் கவனி. நீள முதுகு, கட்டைக் கால். உயரத்தில் இருந்து குதிக்க விடாதே. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கும் ஒரு கை இடுப்புக்கும் கொடுத்துத் தூக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, கொழுக்க விடாதே. முதுகு ஒருமுறை போனால், அசையாமல் கிடத்து. வாரக்கணக்கில் கிடத்து. சிலது எழும்பும். சிலது எழும்பாது.

"சரி துரை" என்றேன். வேலணையில் ஒரு நாயைக் கொழுக்க விடாமல் வளர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

பண்ணைத்துறையில் வள்ளம் ஏறினபோதே அறிகுறி தெரிந்தது. என் மடியில் இருந்தவனை வள்ளக்காரர் கரை போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஐயா, உது இன்னும் வளருமோ?"

"இல்லை. வளந்து முடிஞ்சுது."

"பாவம்" என்றார் அவர். தன் வேட்டி மடியில் இருந்து ஒரு துண்டு பணியாரத்தை எடுத்து நாயின் வாயில் வைத்துவிட்டார்.

முதல் சில மாதம் சமாளித்தோம். என் மனைவி கண்டிப்பானவள். பின்னேரம் ஒரு தகரக் குவளை சோறு, அதோடு கொஞ்சம் முள் எடுத்த மீன், அவ்வளவுதான். பிறிற்ஸும் நல்ல கட்டுடலோடு வளவைச் சுற்றி ஓடித் திரிந்தான். விறாந்தையில் குதித்து ஏறி இறங்கக்கூடாது என்று கல்லடுக்கி, மண் போட்டு ஒரு சரிவு கட்டினேன். அதில் அவன் ஏறுவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது. முன்பாதி விறாந்தைக்கு வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பின்பாதி இன்னும் முற்றத்தில் வந்துகொண்டிருக்கும்.

தை மாதம் வந்தது. பனங்கிழங்குக் காலம்.

எங்கள் வேலிக்கு அங்கால் அன்னம்மாக்காவின் வளவு. கிடுகு வேலியில் ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு பொட்டு உண்டு. யாழ்ப்பாணத்தில் வேலி எவ்வளவு உயரமோ, அந்தப் பொட்டும் அவ்வளவு அவசியம். நெருப்புக்கும் கறிக்கும் ஊர்க்கதைக்கும் அதுதான் பாதை. பிறிற்ஸ் குனியவும் தேவையில்லை, நடந்தே போய்விட்டான். போனவன் அன்னம்மாக்கா பனங்கொட்டை புதைத்து வைத்திருந்த பாத்தியை ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கம் வரைக்கும் கிண்டி எறிந்துவிட்டான். அவனுடைய சாதித் தொழில் அது. அவனுடைய தேசத்தில் வளைக்குள் இருக்கும் மிருகத்தைத் தோண்டிப் பிடிப்பதற்கென்றே வளர்த்த வம்சம்.

அன்னம்மாக்கா தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு பொட்டால் வந்தார். அறுபது வயது இருக்கும். குரல் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"தம்பி! உங்கடை நாய் என்ரை பாத்தியைக் கிண்டிப்போட்டுது. முத்தாத கிழங்கெல்லாம் வெளியிலை கிடக்கு!"

மன்னிப்புக் கேட்பதற்குள் அவருடைய கண் பிறிற்ஸ் மேல் விழுந்தது. அதுவரை அவனை அவர் கிட்ட நின்று பார்த்ததில்லை. குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"உதுக்கேன் கால் உப்பிடிக் கட்டையாக் கிடக்கு?"

"அது சாதி அப்பிடி, அக்கா."

"சாதியோ! சாப்பாடில்லாமல் கால் வளரேல்லை எண்டு சொல்லுங்கோ. பச்சைக் கிழங்கைத் தோண்டித் தின்னுதெண்டால் அந்தச் சீவனுக்கு எவ்வளவு பசி இருக்கவேணும்!"

வளையைப் பற்றியும் வம்சத்தைப் பற்றியும் நான் விளக்கமாகச் சொன்னேன். "ஓமோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இரண்டு 'ஓம்' சேர்த்துச் சொன்னால் ஒன்றையும் நம்பவில்லை என்று அர்த்தம். அன்று மத்தியானமே பொட்டுக்கு அங்கால் ஒரு பூவரசம் இலையில் குரக்கன் புட்டும் மீன் தலையும் வந்து காத்திருந்தன.

செய்தி ஒழுங்கை முழுவதும், தெருமுனை வரைக்கும் பரவியது. பென்சன்காரக் கிளாக்கர் நாய்க்குச் சோறு போடாமல் அதற்குக் கால் வளரவில்லையாம்! என்ன அவமானம்! அதைவிடப் பெரிய கரைச்சல், வீட்டுக்கு வீடு எல்லாரும் அந்தக் கால்களை வளர்க்கப் புறப்பட்டதுதான். ஒரு வீட்டில் பால்சோறு. ஒரு வீட்டில் ஒடியற்கூழின் அடிமண்டி. இன்னொரு வீட்டில் பொரித்த கீரிமீன். பிறிற்ஸ் காலையில் புறப்பட்டால் மத்தியானம் வரைக்கும் அவனுக்கு உத்தியோகம் இருந்தது. திரும்பி வந்து என் மனைவியின் தகரக் குவளைக்கு முன்னால் இருந்து, காலையில் இருந்து பட்டினி கிடந்தவன் போல அவளைப் பார்ப்பான்.

எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றால் அது வாய்வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வேறு பாதை தெரியாது. தெருவில் கண்டால் சுகம் விசாரிக்கிறோமா? "சாப்பிட்டாச்சோ?" என்றுதானே கேட்கிறோம்?

பங்குனி முடிவதற்குள் பிறிற்ஸின் வயிறு நிலத்தைத் தொட்டுவிட்டது. அவன் நடந்து போன இடத்தில் முற்றம் கூட்டின மாதிரி இருக்கும்.

"பாத்தீங்களோ? இப்பத்தான் ஒரு வடிவு" என்றார் அன்னம்மாக்கா.

ஒரு நாள் அவரிடம் நேராகச் சொன்னேன். "அக்கா, இதுக்குச் சோறு வைக்காதையுங்கோ. முதுகு தாங்காது. துரை படிச்சுப் படிச்சுச் சொன்னவர்."

அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். பிறகு, "ஒருத்திக்கு உலை வைக்க எனக்கு ஏலாது தம்பி. கை தன்ரை பாட்டிலை ரண்டு பேருக்கு அரிசி போடுது. மிஞ்சினதை நான் என்ன செய்யிறது?" என்றார்.

அவருடைய புருஷனும் இரண்டு பிள்ளைகளும் தென்பகுதியில் சுருட்டுக்கடை வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய நாற்சார் வீட்டில் அவர் தனிக்கட்டை. இவன் வந்த பிறகுதான் அந்தக் குசினி அடுப்படியில் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. "ராசா, இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சடா" என்று அவர் சொல்லுவது வேலிக்கு இங்கால் எனக்குக் கேட்கும். அவருக்கு அவன் பிறிற்ஸ் இல்லை, ராசா.

அதற்குப் பிறகு நான் எப்படிப் பொட்டை அடைப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

சித்திரை வருஷப் பிறப்புக் கழிந்து சில நாள். காலை நேரம். விறாந்தையில் நான் உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் பிறிற்ஸ் படுத்திருந்தான். வேலிக்கு அங்கால் அன்னம்மாக்கா திருவலையில் தேங்காய் துருவத் தொடங்கினார். அந்தச் சத்தம் அவனுக்குக் கோயில் மணி. சரிவுப் பாதையெல்லாம் சுற்றுவழி என்று நினைத்தான் போலிருக்கிறது. விறாந்தை விளிம்பில் இருந்து ஒரே பாய்ச்சல்.

ஒரு அலறல். அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முன்னங்கால்கள் இரண்டும் இன்னும் பொட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தன. பின்னங்கால்கள் வரவில்லை. துணி மாதிரி மண்ணில் இழுபட்டன. எந்த நேரமும் ஆடும் அந்த வால் செத்துக் கிடந்தது. அவன் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், அழுதேன்.

மாட்டு வைத்தியர் முருகேசரைக் கூப்பிட்டோம். அவர் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இடுப்பிலை ரண்டு குறி சுட்டால் எழும்பும். மாட்டுக்கு அப்பிடித்தான்" என்றார். நெருப்பு மூட்டவும் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மாட்டேன் என்றேன். துரை சொன்னது ஒன்றுதான் என் காதில் நின்றது: அசையாமல் கிடத்து.

தோட்டத்தில் இருந்து சாமான் கட்டிக்கொண்டு வந்த தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கத்தை அறுத்து, உள்ளே சாக்கும் பழைய வேட்டியும் விரித்து, விறாந்தைச் சுவரோரம் வைத்து, பிறிற்ஸை அதற்குள் கிடத்தினேன். வெளிக்குப் போக வேண்டுமானால் என் சால்வையை அவனுடைய வயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பாதியை நான் தாங்க, முன்பாதியால் அவன் நடப்பான். பென்சனியருக்கு நல்ல உத்தியோகம். சாப்பாடு அரைக் குவளை. எழும்பக்கூடாது, திரும்பக்கூடாது, பரபரக்கக்கூடாது. வாரக்கணக்கில், மூன்று நான்கு கிழமை, இப்படிக் கிடந்தால் ஒருவேளை கால் வரும். ஒருவேளைதான்.

ஆனால் ஒரு வீட்டில் நோய், வருத்தம் என்றால் எங்கள் சனம் பார்க்க வராமல் இருக்குமா? வந்தால் வெறுங்கையோடு வருமா?

ஒழுங்கையே திரண்டு வந்தது. ஒருவர் பாண் ரொட்டி. ஒருவர் விசுக்கோத்து. ஒருவர் மூன்று முட்டை அவித்துத் தோலும் உரித்துக் கொண்டுவந்தார். குறி சுட வந்த முருகேசர் கையில்கூட ஒரு சீப்புக் கதலிப்பழம் இருந்தது! "வேண்டாம், பிறகு வாங்கோ" என்றால், "வருத்தக்காரனைப் பாக்க வெறுங்கையோடை எப்பிடி வாறது?" என்பார்கள். படலை திறக்கிற சத்தம் கேட்டதும் பிறிற்ஸ் தலையைத் தூக்குவான். வாசனை வந்ததும் முன்னங்காலால் இழுபட்டுப் பெட்டிக்கு வெளியே வரப் பார்ப்பான். ஒவ்வொரு வருகையும் ஒரு கிழமைக் கிடையைக் கெடுத்தது.

அன்னம்மாக்கா மட்டும் பொட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு மூடின கிண்ணத்தோடு தயங்கித் தயங்கி வந்தார். என் மனைவி அன்று காலையில் இருந்தே ஆட்களைத் திருப்பி அனுப்பிக் களைத்துப் போயிருந்தாள். வாய் தவறிவிட்டது.

"அக்கா, உங்கடை சோறுதான் இதைக் கிடத்தினது!"

அன்னம்மாக்கா கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். என் மனைவி குசினிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் வேலியில் பொட்டு இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்து புதுக் கிடுகு வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. முகம் கழுவிவிட்டு முன்னுக்குப் போனால்... படலையில் பெரிய கொத்து வேப்பிலை!

நான் திகைத்து நிற்க, வேலிக்கு மேலால் மெல்லிய குரல் வந்தது. அன்னம்மாக்காவுக்கு மெல்லப் பேசத் தெரியும் என்பதையே அன்றுதான் அறிந்தேன்.

"நான்தான் கட்டினனான் தம்பி. இனி ஒருத்தரும் உள்ளுக்கு வரமாட்டினம். நானும் வரமாட்டன். அம்மாளாச்சி கோவிக்கமாட்டா, வாயில்லாச் சீவனுக்குத்தானே. என்ரை குரல் கேட்டால் அவன் எழும்பப் பாப்பான். நான் இனிக் கதைக்கவும் மாட்டன்."

அதோடு வேலிக்கு அங்கால் ஓசை நின்றுவிட்டது. திருவலைச் சத்தம்கூட இல்லை. தேங்காயைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக் கோடிக்குப் போய்த் துருவினாராம், பிறகுதான் தெரிந்தது.

இங்கே எனக்கு வேறு ஒரு சோதனை காத்திருந்தது. மத்தியானம் சாப்பிட இருந்தேன். சோறு, பருப்பு, கீரை. தாளிதம்கூட இல்லை.

"மீன் எங்கை?" என்றேன்.

"படலையிலை வேப்பிலை கட்டிக் கிடக்கு. மச்சம் அடுப்பிலை ஏத்தலாமோ?"

"இஞ்சாரும், வீட்டிலை ஒருத்தருக்கும் அம்மாள் இல்லையே! பொய்க்குக் கட்டின வேப்பிலைக்கு மெய்யாய் மரக்கறி தின்னவோ?"

"அன்னம்மாக்கா பொய்க்குக் கட்டியிருக்கலாம். வேப்பிலைக்கு அது தெரியுமோ?"

சுற்றிவரக் கடல். துறையில் விளைமீனும் நண்டும் கணவாயும் துள்ளுகின்றன. நான் மூன்று கிழமையாய்ப் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் மனைவி காலையும் மாலையும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அம்மாளிடம் அவள் என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஊரார் ஒழுங்கையில் மெல்ல நடந்தார்கள். படலைக்கு வெளியே இளநீர்க் குலைகளை வைத்துவிட்டுப் போனார்கள். அதையெல்லாம் நான் படலைப்பக்கம் பாராமல் குடித்தேன்.

பெட்டிக்குள் பிறிற்ஸ் கிடந்தான். நாளுக்கு நாள் வயிறு வற்றியது. காலையும் மாலையும் அவனுடைய பின்னங்கால்களைத் தடவிக் கொடுத்தேன். விரல்களை மெல்லக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாலிலும் உயிரில்லை. அவனும் வரவர எதையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினான். என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "எழும்பாட்டி என்ன செய்வம்?" நான், "சால்வை இருக்குத்தானே" என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்த நிலையில்தான் அந்த சனிற்றரி இன்ஸ்பெக்டர் வந்தார்.

உள்ளே வந்து பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். நான் கதையை முழுதாகச் சொன்னேன். சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"ஐயா, படிச்ச நீங்கள் இப்பிடிச் செய்யலாமோ? வருத்தம் இல்லாத வீட்டிலை வேப்பிலை கட்டி ஊரைப் பயப்பிடுத்திறது சரியில்லை. அரசாங்கக் கச்சேரி வரைக்கும் கதை போயிட்டுது. ஆர் இதைக் கட்டினது?"

நான் வாயைத் திறக்குமுன், மூன்று கிழமையாய் மூச்சுக் காட்டாத வேலி பேசியது.

"தம்பி! அவையிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் கட்டினனான். பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடியுங்கோ!"

பழைய குரல். இருபது வயதுக் குரல்.

டொக்.

பெட்டிக்குள் ஏதோ தட்டியது. நானும் மனைவியும் இன்ஸ்பெக்டரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தோம். பிறிற்ஸ் வேலிப்பக்கம் தலையைத் திருப்பியிருந்தான். அவனுடைய வால் நுனி பெட்டிப் பலகையில் ஒருமுறை பட்டது. இன்னொரு முறை பட்டது. டொக். டொக்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். படலைவரைக்கும் போய், "இண்டைக்கே உதை அவிட்டுப்போடுங்கோ ஐயா" என்றார். சைக்கிளில் ஏறின பிறகு திரும்பி, "முதுகுக்கு என்ன குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "ஓம், அதைத்தான் குடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பிள்ளை.

வேப்பிலை இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒழுங்கைச் சனம் முழுவதும் படலையில் நின்றது. வராமல் இருக்குமா? உண்மை தெரிந்துவிட்டது. இளநீர் வைத்தவர்களுக்கு ஒரு பக்கம் கோபம். நாயைப் பார்க்க இன்னொரு பக்கம் ஆசை. நான் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டு படலைக்குப் போனால், எனக்கு முன்னமே அங்கே அன்னம்மாக்கா நிற்கிறார்! குறுக்கே கையை நீட்டி, படலையை மறித்துக்கொண்டு.

"ஏசிறதெண்டால் என்னை ஏசுங்கோ. இளநி வைச்ச ஆக்கள் நாளைக்கு என்ரை வளவிலை வந்து பிடுங்கிக்கொண்டு போங்கோ. ஆனால் உள்ளுக்குப் போறவை வெறுங்கையோடை போகவேணும். கையைக் காட்டுங்கோ!"

"வருத்தக்காரனைப் பாக்க வெறுங்கையோடையோ..." என்று ஒருவர் இழுத்தார்.

"ஓம். வெறுங்கையோடைதான். குடுத்துக் குடுத்துத்தான் இவனைக் கிடத்தினனாங்கள். நான்தான் முதல் ஆள்."

எல்லாரும் வரிசையாகக் கைகளை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். முருகேசரின் வேட்டி மடிப்பில் இருந்து ஒரு கதலிப்பழம் பறிமுதலானது. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் ஒழுங்கைச் சனம் ஒரு வருத்தக்காரனைச் சும்மா பார்த்துவிட்டுப் போனது. கொண்டுவர ஒன்றும் இல்லாமல் போனதும் அவர்களுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் குந்தி, அவனுடைய தலையைத் தடவத் தொடங்கினார்கள்.

எல்லாரும் போன பிறகு அன்னம்மாக்கா மட்டும் படலையிலேயே நின்றார்.

"நீங்கள் வாங்கோ அக்கா" என்றேன்.

"நான் என்னத்துக்குத் தம்பி? என்னட்டை அவன் சோத்துக்குத்தானே வந்தவன். வெறுங்கையோடை போனால் என்னைத் திரும்பியும் பாக்கமாட்டான்."

அதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லுவது போலச் சொன்னார். என் மனைவி இறங்கிப் போய் அவருடைய கையைப் பிடித்தாள். "அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். ஒரு கை அவளுடைய பிடியில் இருக்க, சேலைத் தலைப்பு எட்டாமல், அன்னம்மாக்கா புறங்கையாலும் உள்ளங்கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்ல வந்து, விறாந்தையின் மறு கோடியில், பெட்டிக்குத் தள்ளியே நின்றார்.

"ராசா" என்றார். அவ்வளவுதான்.

வால் தட்டியது. முன்னங்கால்கள் ஊன்றின. நான் சால்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பின்பாதி மெல்ல எழும்பியது... ஆடியது... ஒரு பக்கம் சரிந்தது... திரும்பவும் எழும்பியது. கள்ளுக் குடித்த வெறிகாரன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு, விறாந்தை நீளத்துக்கும் பிறிற்ஸ் நடந்தான். தன்னுடைய நாலு காலால் நடந்தான்.

அன்னம்மாக்கா பதறிப்போய் நிலத்தில் குந்தி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "ஒண்டும் இல்லை ராசா... பார், வெறுங்கை... ஒண்டும் கொண்டுவரேல்லையடா..."

அவன் அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு நக்கினான். நக்கிக்கொண்டே இருந்தான்.

வெறுங்கை என்று அவர்தான் சொன்னார். கண்ணைத் துடைத்த கை... நல்ல உப்பாக இருந்திருக்கும்.